பாலத்தை எண்ணிவிட்டு அறையை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பயணப் பக்கம்

கேள்வி: மகள் சூரிச்சில் இருக்கிறா. செப்டெம்பரில் நானும் இவரும் அங்கே போகிறோம். மூன்று நாள் வெனிஸ் பார்க்க மருமகன் ஒழுங்கு செய்கிறார். மெஸ்ட்ரே என்ற இடத்தில் ஹோட்டல் பாதி விலைக்கு இருக்காம். அங்கே எடுப்பதா, நகரத்துக்குள்ளே எடுப்பதா? எனக்கு முழங்கால் நோ.
– வாசகி, இரத்தினபுரம், கிளிநொச்சி

பதில்: நகரத்துக்குள்ளேயே எடுங்கள் அம்மா. மெஸ்ட்ரே தரையில் இருக்கிற ஊர். வெனிஸ் களப்பின் நடுவே இருக்கிறது. இடையில் ஏறக்குறைய நாலு கிலோமீற்றர் நீளப் பாலம். ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் பக்கம்பக்கமாகத் தண்ணீரைக் கடக்கின்றனவே, கிட்டத்தட்ட அந்தக் காட்சிதான். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தூரம் ஒரு பொருட்டே இல்லை. மத்தியானம்தான் சிக்கல். காலை முழுக்க நடந்த காலுக்கு இரண்டு மணிக்கு ஒரு கட்டில் வேண்டும். உள்ளே தங்கினால் அறைக்குப் போய்ச் சாய்ந்துவிட்டு ஐந்து மணிக்கு வெளிக்கிடலாம். மெஸ்ட்ரேயில் தங்குகிறவர்கள் அதற்காகத் திரும்பிப் போவதில்லை, இரவுவரை இழுபட்டுத் திரிவார்கள். போதாததற்கு, பகல் கூட்டம் கலைந்த பின்னேரமும் கடை திறக்க முந்திய விடியற்காலையும்தான் அந்த நகரத்தின் நல்ல நேரம். அந்த இரண்டையும் இழந்துவிட்டு மிச்சம் பிடிக்கிற காசு பெரிதில்லை.

ஆனால் ‘உள்ளே’ என்றதும் மருமகன் எல்லோரும் பார்க்கப் போகிற சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் தேடத் தொடங்குவார். அவரை மறியுங்கள். வெனிஸில் 400க்கு மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள்: பத்துப் பதினைந்து படி ஏறி, அதேயளவு இறங்க வேண்டும். பஸ்ஸும் காரும் பாலம் முடிகிற பியாஸ்ஸாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வாசலில் கொண்டுபோய் இறக்க ஓட்டோ கிடையாது. ஆகவே ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பார்க்க முதல், ரயில் நிலையத்திலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ அதன் வாசல்வரை எத்தனை பாலம் என்று எண்ணுங்கள். கூகுள் வரைபடத்தைப் பெரிதாக்கினால், நடைவழி நீல நிறக் கால்வாயைக் கடக்கிற ஒவ்வொரு இடமும் ஒரு பாலம். உங்களுக்கு விடை பூச்சியமாக இருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பூச்சியம் வரும் இடம் ஒன்றைச் சொல்கிறோம். வெனிஸுக்குள் இருக்கிற சாந்த லூச்சியா ரயில் நிலையத்தால் வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா டி ஸ்பாஞ்ஞா என்ற தெரு. கன்னரேஜோ பகுதியைச் சேர்ந்தது. குல்யே பாலம் வரும்வரை அதில் ஒரு படியும் இல்லை. தெரு அழகானது என்று சொல்லமாட்டோம். இரண்டு பக்கமும் நினைவுப்பொருள் கடைகளும் சுற்றுலாச் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஆனாலும் உங்கள் முழங்காலுக்கு அதைவிடப் பொருத்தமான தெரு அங்கே இல்லை. நிலையத்துக்கு முன்னால் ஃபெரோவியா படகுத்துறை. அங்கே 1ஆம் இலக்கப் படகில் ஏறினால் பெருங்கால்வாய் முழுவதையும் இருந்தபடியே பார்த்துக்கொண்டு சான் மார்க்கோவில் இறங்கலாம். லிஸ்தா டி ஸ்பாஞ்ஞாவில் அறை கிடைக்காவிட்டால் அதே படகின் கா டோரோ துறைக்குக் கிட்டப் பாருங்கள்.

படகில் ஒரு ரிக்கற் 75 நிமிடம் செல்லும், 9.50 யூரோ. 72 மணித்தியால ரிக்கற் 45 யூரோ. நடக்கக் கஷ்டப்படுகிறவர் இரண்டாவதையே எடுக்க வேண்டும். “இதுக்கு ஒரு ரிக்கற்றோ” என்று யோசித்து நடந்துதான் கால் வீங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏறமுதல் துறையிலுள்ள இயந்திரத்தில் ரிக்கற்றைத் தொட்டுவிடுங்கள். தொடாவிட்டால் தண்டம்.

அறை எடுக்கமுதல் ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, அதற்குப் போகமுதல் படி இருக்கிறதா? பழைய கட்டடங்களில் நாலைந்து படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் கதவே வரும். பெரிய சூட்கேஸை சூரிச்சிலேயே விட்டுவிட்டு, ஒரு கையால் தூக்கக்கூடிய பையோடு போங்கள். வீசா கையில் வரும்வரை, காசு பிடிக்காமல் இரத்துச் செய்யக்கூடிய முற்பதிவையே எடுக்கவேண்டும்.

இன்னொன்று. ரயிலில் ‘வெனேசியா’ என்று கேட்டதும் எழும்பி இறங்கிவிடாதீர்கள். முதலில் வருவது வெனேசியா மெஸ்ட்ரே. பாலம் தாண்டி, தண்டவாளம் முடிகிற சாந்த லூச்சியாதான் உங்களுடையது.

கேள்வி: நாங்கள் வெனிஸ் போவது நவம்பரில். வெள்ளம் வருமென்கிறார்கள். எந்தப் பக்கம் தங்கலாம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: குளம் வான் பாய்ந்து நாட்கணக்கில் நிற்கிற வெள்ளத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இது கடல் வற்றுப்பெருக்கோடு வந்து, சில மணித்தியாலத்தில் வடிகிற தண்ணீர். தென்கிழக்குக் காற்று கடலைக் களப்புக்குள் தள்ளும்போது கூடும். 2019 நவம்பர் 12இல் 187 சென்ரிமீற்றர் வந்தது; இது கடல்மட்ட அளவுகோலில் பார்க்கிற உயரம், தெருவில் நிற்கிற ஆழம் அல்ல. 2020 ஒக்ரோபரிலிருந்து களப்பின் வாய்களில் மோசே என்ற தடுப்புக் கதவுகளை எழுப்புகிறார்கள். 110 சென்ரிமீற்றருக்கு மேல் வருமென்று கணித்தால்தான் அவை எழும்பும். சான் மார்க்கோ சதுக்கமோ 80 சொச்சத்திலேயே நனையத் தொடங்கிவிடும். அதனால் நவம்பரில் அந்தச் சதுக்கத்தை ஒட்டி அறை எடுக்கவேண்டாம். எந்தப் பகுதியானாலும் நிலமாடி அறை வேண்டாம். வெள்ளம் வராவிட்டாலும் சுவர் ஊறி மணக்கும். முன்பதிவில் ‘பியானோ தெர்ரா’ என்று இருந்தால் அது நிலமாடி. தண்ணீர் உயர்ந்த நேரத்தில் சில படகுகள் பாலத்துக்குக் கீழே நுழைய முடியாமல் வழி மாறும். திரும்புகிற நாளன்று அதற்கும் நேரம் விட்டு வெளிக்கிடுங்கள்.

கேள்வி: முற்பதிவில் ‘காஸ்தெல்லோ’ என்றும் ஓர் இலக்கமும் மட்டும் இருக்கிறது. தெருப் பெயர் இல்லை. ஏமாற்று வேலையா?
– வாசகர், வவுனியா

பதில்: இல்லை. நகரம் ஆறு பகுதி; காஸ்தெல்லோ அதில் ஒன்று. வீட்டிலக்கம் தெருவுக்குத் தெரு தொடங்காமல் பகுதி முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடும். இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்க்காரருக்கே தேடுவது கஷ்டம். கிட்டிய படகுத்துறை, கடைசியாகத் தாண்டும் பாலம், பக்கத்துச் சதுக்கம் – இந்த மூன்றின் பெயரையும் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்திருங்கள். ஒடுக்கமான ஒழுங்கைகளில் போன் காட்டும் இடம் பிசகும்.

கேள்வி: நகரத்துக்குள் போகவே காசு கட்ட வேண்டுமாமே?
– வாசகி, மாங்குளம்

பதில்: பகலில் வந்து போகிறவர்களுக்கு, குறித்த சில நாட்களில் மட்டும். 2024இல் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு இல்லை. மெஸ்ட்ரேயும் அதே மாநகரசபை என்பதால் அங்கே தங்கினாலும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் விலக்குக் குறியீட்டை இணையத்தில் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். தங்குமிட வரி வேறு: ஆளுக்கு, இரவுக்கு என்று ஹோட்டல்காரர் தனியாக வாங்குவார். அறை விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் நிற்கிறோம். சோறு இல்லாமல் இவரால் இருக்க முடியாது.
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: சமையலறை உள்ள வீடாக எடுங்கள். அரிசியும் தூளும் கொண்டு போனால் போதும். ரியால்ற்றோ மீன்சந்தை காலையில் கூடும். ஞாயிறும் திங்களும் இல்லை. கணவாய், இறால் எல்லாம் வரும். ஒன்பது மணிக்கு முதல் போய்விடுங்கள்.