ஊசி போட்ட மாட்டின் பாலும் கறியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டுவிட்டார்கள், கறி வழியாக அது நம் உடம்புக்குள் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. உண்மையா? (ஈரோடு வாசகர்)

எம்.ஆர்.என்.ஏ. என்பது ஒரு புரதத்தைச் செய்யச் செல்லுக்குச் சொல்லும் குறிப்பு, ஆர்.என்.ஏ.யில் ஒரு வகை. பன்றிக்கு அந்த வகைக்கு நெருங்கிய ஒரு தடுப்பூசி உண்டு. மாட்டுக்கு இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பியதில்தான் அந்தச் செய்தி பிறந்தது.

2013-ல் அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் பி.இ.டி. என்ற வைரஸ் கழிச்சல் நோய் புகுந்து, லட்சக்கணக்கில் பால்குடிக் குட்டிகளைக் கொன்றது. 2014-ல் அயோவா மாநிலத்தின் ஹாரிஸ்வேக்ஸின்ஸ் நிறுவனத்தின் ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அந்நாட்டு வேளாண் துறை நிபந்தனையுடன் உரிமம் தந்தது. பிறகு மெர்க் என்ற பெரிய மருந்து நிறுவனம் அதை வாங்கியது. இன்று 'சீக்விவிட்டி' என்ற பெயரில் விற்பது அந்த வழியில் வந்ததுதான். கால்நடை மருத்துவர் நோயுற்ற பன்றியின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். வைரஸின் மரபு வரிசையைப் படித்து, தேவையான ஒரு மரபணுவை மட்டும் செயற்கையாக உருவாக்கி, ஆல்ஃபா வைரஸ் என்ற வேறு வகை வைரஸின் வெற்றுக் கூட்டுக்குள் அடைக்கிறார்கள். பன்றியின் செல்லுக்குள் நுழைந்ததும் அந்த ஆர்.என்.ஏ. தன்னைச் சில படிகள் எடுத்துக்கொண்டு, நோய்க்கிருமியின் ஒரு புரதத்தைச் செய்ய வைக்கும். கூடு கட்டுவதற்கான மரபணுக்களை நீக்கிவிட்டதால் அடுத்த செல்லுக்குத் தாவ அதற்கு வழியில்லை. கோவிட் ஊசியில் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்புக் குமிழி இதில் கிடையாது. ஆகவே 'கோவிட் ஊசியேதான்' என்பது தவறு. 'ஆர்.என்.ஏ. ஊசியே இல்லை' என்று அடித்துச் சொல்வதும் தவறு.

மாடுகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு உரிமம் பெற்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி எதுவும் இல்லை என்று 2023-ல் அங்குள்ள மாட்டிறைச்சி உற்பத்தியாளர் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது. ஆராய்ச்சி நடக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு 2022-ல் கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும் இந்த முறையில் தடுப்பூசி தேடப் பணம் ஒதுக்கியது. அந்தச் செய்திதான் கைமாறிக் கைமாறி 'கட்டாய ஊசி' என்று ஆகிவிட்டது.

கேள்வி: அப்படி ஊசி போட்ட விலங்கின் கறியைத் தின்றால் நம் மரபணு மாறாதா? (மதுரை வாசகி)

மாறாது. எம்.ஆர்.என்.ஏ. என்பது தடுப்பூசிக்காகப் புதிதாகப் பிறந்த பொருள் அல்ல. ஆட்டுக்கறி, ஈரல், மீன், முளைகட்டிய பயறு என்று செல் உள்ள எந்த உணவிலும் ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கிறது. யூரிக் அமிலம் ஏறியவரிடம் ஈரலையும் மத்தியையும் குறைக்கச் சொல்கிறார்களே, அது எதனால்? அவற்றிலுள்ள டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் குடலில் உடைந்து பியூரின் என்ற சிறு பொருளாகி, கடைசியில் யூரிக் அமிலமாகின்றன. தலைமுறை தலைமுறையாகத் தின்னும் அந்த ஆர்.என்.ஏ. உடைந்துதான் போகிறது, மரபணுவில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. நம் எச்சிலிலும் கணைய நீரிலும் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. வெட்டிய கறியிலும் அவை இருக்கின்றன. அதனால்தான் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வைக் கெடாமல் காப்பது அவ்வளவு பாடு.

தாய்ப்பால் ஆய்வை வைத்துக் கேட்பவர்களும் உண்டு, அது நியாயமான கேள்வி. கோவிட் ஊசி போட்ட 11 தாய்மாரில் 5 பேரின் பாலில், ஊசி போட்டு 45 மணி நேரம் வரை, மிகச் சிறிய அளவில் எம்.ஆர்.என்.ஏ. தென்பட்டதாக 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. எனவே 'பாலில் ஒருபோதும் வராது' என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சிறு துணுக்கு குழந்தையின் வயிற்று அமிலத்தையும் குடலையும் தாண்டி, செல்லுக்குள் புகுந்து வேலை செய்யும் என்பதற்குத்தான் சான்று கிடையாது.

கேள்வி: எங்கள் கறவை மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டார்கள். பால் குறைந்துவிட்டது. அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? (காங்கேயம் வாசகி)

கொடுக்கலாம், வழக்கம்போல் பொங்கக் காய்ச்சி. நம் ஊரில் போடும் கோமாரி ஊசியில் எம்.ஆர்.என்.ஏ. கிடையாது. ஆய்வகத்தில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸை எண்ணெயோடு கலந்தது அது. ஊசிக்குப் பின் லேசாகக் காய்ச்சல் வரும், தீவனம் எடுப்பது குறையும், இரண்டு மூன்று நாள் பால் சற்று இறங்கும். பிறகு ஏறிவிடும். போட்ட இடத்தில் கழலைபோல வீங்குவது எண்ணெயால். தானாக வற்றும், கீறிவிடாதீர்கள்.

கெடுதல் வருவது பெரும்பாலும் ஊசியைக் கையாளும் விதத்தில். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். குப்பியைக் குலுக்கியும் ஏடு கட்டியதுபோல இரண்டாகவே நின்றால் அதைப் போடவேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். மாட்டுக்கு அளவு 2 மி.லி. ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசிமுனையை மாற்றச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் போடுவது நல்லது. கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

கறிக்கு விற்கும் விலங்கானால் கணக்கு வேறு. அமெரிக்காவில் பெரும்பாலான கால்நடைத் தடுப்பூசிகளின் லேபிளில், போட்ட 21 நாளுக்குள் அறுக்காதே என்று இருக்கும். சில எண்ணெய் ஊசிகளுக்கு 60 நாள். மருந்து போட்ட இடத்துச் சதையில் எண்ணெயும் வீக்கமும் தங்கியிருக்கும் என்பதே காரணம்.

கேள்வி: அப்படியானால் பாலில் பயப்பட எதுவுமே இல்லையா? (தஞ்சாவூர் வாசகர்)

இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. மடிநோய்க்குக் காம்புக்குள் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் மருந்துதான் அது. ஒரு காம்பில் ஏற்றினாலும் மருந்து ரத்தம் வழியே மற்ற மூன்று காம்புப் பாலிலும் வரும். நான்கையும் பீய்ச்சிக் கீழே ஊற்ற வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்தின் லேபிளில் இருக்கும். ஆய்ந்து குறிக்கப்பட்ட காலம் இல்லாத மருந்தானால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் என்று 2012 முதல் இந்திய மருந்து விதி சொல்கிறது. காய்ச்சினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் கொதிநிலையைத் தாங்கும்.

வீட்டில் ஒரு தடயம் உண்டு. நல்ல உறை, சரியான சூடு, எட்டு மணி நேரம் ஆகியும் பால் நீர்த்துக் கிடந்து தோயவில்லை என்றால், உறையிலுள்ள பாக்டீரியாவை மருந்து தடுத்திருக்கலாம். குளிரும் கெட்ட உறையும்கூட இப்படிச் செய்யும் என்பதால், வேறொரு இடத்துப் பாலில் அதே உறையை அதே நேரத்தில் ஊற்றிப் பாருங்கள். அது தோய்ந்து இது தோயாவிட்டால் பால்காரரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த மாட்டுக்கு, என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள்?