ஸ்பீடிங் டிக்கெட்: டெக்சாஸில் தப்பிக்க ஒரு வழி

கேள்வி: டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஸ்பீடிங் டிக்கெட் வந்திருக்கிறது. 'டிஃபர்டு டிஸ்போசிஷன்' கேள் என்கிறார் நண்பர். அபராதம் கட்டிவிட்டால் போதாதா?

பதில்: கட்டிவிட்டால் குற்றம் உறுதியானதாகிவிடும், அது டிரைவிங் ரெக்கார்டில் ஏறும். நண்பர் சொல்வது வேறு வழி: 'கில்டி' (குற்றம் செய்தேன்) அல்லது 'நோ கான்டெஸ்ட்' (எதிர்த்து வாதாடவில்லை) என்று சொல்கிறீர்கள், நீதிபதி தீர்ப்பை அதிகபட்சம் 180 நாள் தள்ளிவைக்கிறார், அதற்குள் கோர்ட் செலவைக் கட்டி, புது டிக்கெட் வாங்காமல், சொன்ன நிபந்தனைகளை முடித்தால் கேஸ் தள்ளுபடி. 25 வயதுக்குள் என்றால் டிரைவிங் கோர்ஸ் கட்டாயம். கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்த ரோடு ஒர்க் பகுதியில் மாட்டியவர்களுக்கும் இது கிடைக்காது. மற்றவர்களுக்கும் பெரும்பாலும் நீதிபதியின் விருப்பம்தான், அதனால் டிக்கெட்டில் உள்ள தேதிக்குள் கேட்டுவிடுங்கள்.

ஸ்பீடிங்கோடு போனால் பெரிய கவலையில்லை. ஆனால் 100 டாலருக்குக் குறைவான கடைத் திருட்டும் ஸ்பீடிங்கைப் போல அபராதம் மட்டுமே உள்ள 'கிளாஸ் சி' குற்றம்தான், அதே கோர்ட், அதே சலுகை. விசாக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். மாநிலச் சட்டம் தண்டனை இல்லை என்று சொன்னாலும், 'கில்டி' அல்லது 'நோ கான்டெஸ்ட்' சொல்லி நிபந்தனையும் ஏற்றிருந்தால் மத்திய குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கேஸில் இமிக்ரேஷன் வக்கீலைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம், தள்ளுபடி ஆனதும் பதிவு தானாக அழியாது. 'எக்ஸ்பங்ஷன்' மனு தனியாகப் போட வேண்டும்.