ஆகஸ்டில் பிள்ளைகளோடு பாசிக்குடா, கல்குடா: எப்படித் திட்டமிடுவது?

பாசிக்குடாவும் கல்குடாவும் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் கடற்கரைகள். போக ஆகஸ்ட் நல்ல மாதம்தான். கிழக்குக் கடல் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை அடங்கியிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை. அந்த நேரம் வந்து அறைக்குள் இருந்து என்ன பயன்?

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு றெயிலில் வந்தால், மட்டக்களப்பு வரை போகாமல் வாழைச்சேனையிலேயே இறங்குங்கள். அங்கிருந்து ஓட்டோதான் லேசு. ஏறமுன் காசைப் பேசிவிடுங்கள். காசு எடுப்பதென்றாலும் வாழைச்சேனை டவுனிலேயே எடுத்துவிடுங்கள்.

இரண்டு கரைகளுக்கும் நடுவே ஒரு முனைதான் இருக்கிறது. ஆனால் கடல் இரண்டும் ஒன்றல்ல. பாசிக்குடா லாட வடிவக் குடா, வெளியே பவளப்பாறை அலையைத் தடுக்கிறது. அதனால் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பிள்ளைகளை இங்கேதான் இறக்க வேண்டும். ஆழமில்லையே என்று கண்ணை எடுத்துவிடாதீர்கள்: தூரம் போன பிள்ளை களைத்துப்போய்த் திரும்ப நடக்க மாட்டாது. பவளத் துண்டு காலைக் கிழிக்கும், றப்பர் செருப்பு போடுங்கள். கல்குடா திறந்த கடல். அலையும் இழுவையும் உண்டு. நடக்க அருமையான கரை, குளிக்க வேண்டாம்.

விடிந்ததும் இறங்கி ஒன்பதரைக்குள் ஏறிவிடுங்கள். பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அனலாய் வீசும், மணல் சுடும். மறுபடி நாலு மணிக்கு மேல் போகலாம். போயா நாளையும் (பௌர்ணமி விடுமுறை) ஞாயிறையும் தவிர்த்தால் சனம் குறைவு. பாசிக்குடா ஹோட்டல்கள் விலை கூட. கல்குடாப் பக்கம் சின்ன விடுதிகள் கிடைக்கும்.