மாமா சேர்ந்த ராணுவம் வேறு

போன வாரம் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பையன் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பையன், கூடவே பையனின் தாய்மாமன். மாமா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாயவில்லை. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்; கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பையன் அரசுப் பள்ளியில் முதல் குரூப் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறான். பதினேழரை வயது.

அம்மாதான் முதலில் பேசினார். "சார், அக்னிவீர்ல சேர்த்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு வருஷம் கழிச்சு எம்புள்ள பெட்டியோட திரும்பி வந்து நின்னா என்ன பண்றது?" மாமா குறுக்கிட்டார்: "நம்ம குடும்பத்துல மூணு தலைமுறையா யூனிஃபார்ம் போட்டிருக்கோம். இவன் போடலைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?" ஏதோ ஒரு பயிற்சி மையம் "செலக்‌ஷன் கேரண்டி" என்று சொல்லி எண்பதாயிரம் கேட்டிருக்கிறது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போகத் தயாராக இருந்தது.

கவலைப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு இன்னும் பல வீடுகளுக்கு வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படைகளுக்கு நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்க 2022 ஜூன் 14 அன்று அறிவித்ததுதான் அக்னிபத் திட்டம்; அதில் சேர்கிறவர் அக்னிவீர். அவருக்கு முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்கு, அதாவது கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் தொகைக்குப் பிடித்தம்; கைக்கு வருவது 21,000. இரண்டாம் ஆண்டு கையில் 23,100, மூன்றாம் ஆண்டு 25,550, நான்காம் ஆண்டு 28,000. நான்கு ஆண்டில் பிடித்த 5.02 லட்சத்தோடு அரசும் அதே அளவு போட்டு, 10.04 லட்சமும் வட்டியும் வரியில்லாமல் கொடுத்து அனுப்பும். கடினமான இடங்களில் பணிபுரிந்தால் அதற்கான படி தனி. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது.

இப்போது பக்கத்திலேயே நிற்கிற நிரந்தரச் சிப்பாயைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 21,700, ராணுவ சேவைப் படி 5,200, இரண்டின் மேலும் அகவிலைப்படி. 2025 ஜூலை முதலான 58 சதவீதத்தில் கணக்கிட்டால், மற்ற படிகள் சேராமலே மாதம் 42,500. அக்னிவீருக்கு அகவிலைப்படியும் இல்லை, சேவைப் படியும் இல்லை. அரிசி, எண்ணெய் விலை ஏறினாலும் அவருடைய தொகை 2022இல் எழுதிய அதே தொகைதான். மாமாவிடம் ஒன்று கேட்டேன்: "உங்க ஓய்வூதியத்துக்காக உங்க சம்பளத்துல எப்பவாவது பிடிச்சிருக்காங்களா?" இல்லை என்று தலையாட்டினார். அக்னிவீருக்கோ மாதாமாதம் 30 சதவீதம் பிடித்துத்தான் அந்தக் கடைசித் தொகையே சேர்கிறது.

ராணுவத்தின் சராசரி வயது 32 ஆக இருக்கிறது, 26க்குக் குறைக்க வேண்டும் என்று அரசு சொன்ன காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. பனிமலையில் நிற்க இளைஞர்கள் வேண்டும்தான். ஆனால் படையை இளமையாக்கும் செலவை அந்தப் படையிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. ஒரே பங்கர், ஒரே குளிர், எதிரில் வரும் குண்டும் ஒன்றுதான். அக்னிவீர் பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, பணி காரணமான மரணமென்றால் 44 லட்சம் கருணைத் தொகை, சேவா நிதி, மிச்சக் காலத்துச் சம்பளம் எல்லாம் உண்டு. நிரந்தரச் சிப்பாயின் வீட்டுக்கு மாதாமாதம் வருகிற குடும்ப ஓய்வூதியம் மட்டும் இல்லை. நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவே 2024இல், பணியில் உயிர் விட்ட அக்னிவீர் குடும்பங்களுக்கும் மற்ற வீரர்களுக்குரிய பலன்களைத் தரச் சொல்லிப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2025இல் கீழ்நிலை வீரர்களுக்கு மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்த 4.5 சதவீதத்துக்கு மேல் தனியாக 10 சதவீதம் உயர்த்தினார்கள். ஆள் வர வேண்டும், வந்தவன் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் அடித்தட்டிலிருந்துதான் சம்பளத்தைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது. இங்கும் அது நடக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது நடக்கும் என்று எண்ணி ஒரு பையனின் பதினெட்டாவது வயதைப் பந்தயம் கட்ட முடியாது.

மாமாவிடம் மரியாதையோடு, ஆனால் நேராகவே சொன்னேன். "நீங்க சேர்ந்த ராணுவம் வேற சார். பதினைந்து வருஷம் முடிச்சா சாகுற வரைக்கும் பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி. இவனைச் சேரச் சொல்ற வேலை நாலு வருஷ ஒப்பந்தம். பேரு ஒண்ணா இருக்கறதால ரெண்டும் ஒண்ணாகிடாது." அவர் கோபப்படவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. "போன ஞாயிற்றுக்கிழமை என்னப்பா பண்ணின?" என்று கேட்டேன். பக்கத்து நிலத்து மோட்டார் எரிந்துவிட்டதாம், வைண்டிங் கடைக்காரரோடு உட்கார்ந்து பழைய காயிலைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டு ஓடவிட்டிருக்கிறான். சொல்லும்போது கை தானாகக் காற்றில் கம்பி சுற்றியது. விரல் நகங்களின் ஓரத்தில் வார்னிஷ் கறுப்பு இன்னும் போகவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு? "கிணத்துல நீச்சல் சார்." யூனிஃபார்ம் வேண்டுமா என்று கேட்டேன். "வேணும் சார். ஆனா துப்பாக்கியை விட மெஷின்தான் பிடிக்கும்."

இன்ஜினியரிங், நர்சிங், போலீஸ் எழுத்துத் தேர்வு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பையனுக்கு ஏற்ற ஒரு வேலையை அந்த நால்வரில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை: இந்தியக் கடலோரக் காவல்படையில் யந்திரிக்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நேவி என்கிற கடற்படை வேறு, கோஸ்ட் கார்டு என்கிற கடலோரக் காவல்படை வேறு. நேவி அக்னிபத்துக்குள் இருக்கிறது. கோஸ்ட் கார்டு அதே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் அக்னிபத்துக்கு வெளியே. அங்கே ஆள் எடுப்பது வழக்கமான மத்திய அரசுப் பணியாகத்தான், ஓய்வு வயது வரை. அக்னிவீர்களுக்கு நான்கு ஆண்டு கழித்து கோஸ்ட் கார்டில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022 ஜூனில் அறிவித்தார்கள். இதையே மாமாவிடம் கேட்டேன்: சுற்றிக்கொண்டு போய் எந்த வாசலில் நிற்கப் போகிறானோ, அந்த வாசலுக்கு நேராகவே போகலாமே?

கப்பல் என்றால் மிதக்கிற ஒரு சின்ன ஊர். அதன் இன்ஜின், ஜெனரேட்டர், பம்பு, மின்சாரம், ரேடார் எல்லாவற்றையும் ஓடவிடுகிறவர்தான் யந்திரிக். எலக்ட்ரிகல், மெக்கானிகல், எலக்ட்ரானிக்ஸ் அல்லது தொலைத்தொடர்பில் டிப்ளமோ வேண்டும். பத்தாவதுக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ படித்தாலும் சரி, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு படித்தாலும் சரி. நம் மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலூரிலேயே தந்தை பெரியார் ஈ.வெ.ரா. அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் அந்தப் பயிற்சி மையம் கேட்ட எண்பதாயிரத்துக்குக் கிட்டேகூட வராது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இரண்டு ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும், வயது இருபதைத் தாண்டியிருக்காது. யந்திரிக் வயது வரம்பு 18 முதல் 22. ஓபிசிக்கு மூன்று ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து ஆண்டு தளர்வு.

தொடக்கச் சம்பளம் 29,200, யந்திரிக் பே 6,200, அப்புறம் அகவிலைப்படி. பிடித்தத்துக்கு முன் 50,000 தாண்டும். ஓய்வூதியம் மாமா வாங்குவது போன்றது இல்லை, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற பங்களிப்பு ஓய்வூதியம்தான். இதை மறைக்காமல் சொன்னேன். கிராஜுவிட்டி உண்டு.

டிப்ளமோ படிக்கும்போதே இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. நாவிக் ஜி.டி. (பொதுப்பணி மாலுமி) பணிக்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருந்தால் போதும். பதினெட்டு முடிந்ததும் எழுதலாம். அடிப்படை 21,700, அதன் மேல் அகவிலைப்படி. தேர்வுக் கட்டணம் 300 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு அதுவும் இல்லை. முதல் பகுதியில் பத்தாம் வகுப்பு அளவில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், ரீசனிங், பொது அறிவு என்று 60 கேள்விகள், 45 நிமிடம். நாவிக்குக்கு இரண்டாம் பகுதி பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும், யந்திரிக்குக்கு டிப்ளமோ பாடம். 50 கேள்விகள், 30 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அதனால் தமிழ் வழியில் படித்த பையன் ஆறு மாதம் ஆங்கிலத்தில் கணக்குக் கேள்விகளைப் படித்துப் பழக வேண்டும். அதற்கு எண்பதாயிரம் எதற்கு? ஒரு பழைய கேள்வித்தாள் புத்தகமும் ஊர் நூலகமும் போதும்.

உடல் தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், 20 முறை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், 10 தண்டால். உயரம் 157 சென்டிமீட்டர். பள்ளி மைதானத்தில் காலை ஐந்தரைக்கு ஓட யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஸ்டாப்வாட்ச் பிடிக்க வீட்டிலேயே ஒரு ஹவில்தார் இருக்கிறார். ஆனால் படிப்பில் சேர்வதற்கு முன்னாலேயே அரசு மருத்துவமனையில் கண்ணையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துவிடுங்கள். இரண்டு வருடம் கனவு கண்டுவிட்டு மருத்துவ அறையில் திரும்புகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தாங்க முடியாத வேதனை அது.

இடங்கள் குறைவு. 2025 இரண்டாம் அணிக்கு நாவிக் இடங்கள் மொத்தமே 300, அதில் ஜி.டி. 260. யந்திரிக் இன்னும் குறைவு. கிடைக்காமலும் போகலாம். அப்படியானாலும் பையன் கையில் எலக்ட்ரிகல் டிப்ளமோ இருக்கும். நான்கு ஆண்டு கழித்து டிப்ளமோ எதுவும் இல்லாமல் 21 வயதில் நிற்கிற நிலை வராது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

அம்மா கடைசியாகக் கேட்டார்: "கடல்ல அவன் என்ன சார் பண்ணுவான்?" பயிற்சி ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் தொடங்கும் என்றேன். பிறகு குஜராத்தோ அந்தமானோ, எங்கும் போடுவார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் தளங்கள் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் இலங்கைக்குக் கிழக்கே நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு தீப்பிடித்தபோது, அதை அணைக்கப் போனவற்றில் நம் கோஸ்ட் கார்டு கப்பல்களும் உண்டு. அந்தக் கப்பல்களின் தண்ணீர் பம்பை ஓடவிட்டதும் இவன் மாதிரி ஒரு பையன்தான் என்றேன். பையன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

தாளின் கீழே மூன்று வேலைகளை எழுதிக் கொடுத்தேன். பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய் கட்டக் கூடாது, வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். பாலிடெக்னிக்கில் சேரும் முன் கோஸ்ட் கார்டு அறிவிக்கையில் உள்ள இணையான டிப்ளமோப் பெயர்ப் பட்டியலில், சேரப்போகும் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், நம் ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குச் செல்லாது. ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

மாமா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். பையன் அதற்குள் கதவுக்கு வெளியே நின்று, என் அறை மின்விசிறி ஏன் இப்படி முனகுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.