பேரன் சொல்லும் ‘கோஸ்ட் ரன்னர்’

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பூங்காவில் பேஸ்பால் ஆடும் பேரன் ‘கோஸ்ட் ரன்னர் ஆன் செகண்ட்’ என்று கத்துகிறான். அந்த இடத்தில் யாருமே இல்லை. டிவியிலும் இதே சொல் வருகிறது. அங்கேயோ ஆள் நிற்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளவைதான். ஆனால் பெயருக்குப் பொருத்தம் பேரன் சொல்வதே.

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் ஓடிப்போய் ஒரு பேஸில் (ஓடுபவர் நிற்கும் இடம்) நிற்பார். மூன்று பேஸ்களையும் தொட்டு, அடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். பெரும்பாலும் அடுத்தவர் அடித்தால்தான் அங்கிருந்து நகர்வார். அணிக்கு இரண்டே பையன்கள் என்றால்? ஒருவன் இரண்டாம் பேஸில், மற்றவன் முதல் பேஸில். மட்டை பிடிக்க ஆளில்லை. உடனே முன்னால் நிற்பவன் ‘கோஸ்ட் ரன்னர்’ என்று அறிவித்துவிட்டு அடிக்கத் திரும்பி வருவான். அவன் விட்டுப்போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நிற்பதாகக் கணக்கு. நம் தெரு கிரிக்கெட்டில் கடைசி ஆள் ஜோடியில்லாமல் தனியாக ஆடுவதில்லையா, அந்த மாதிரி சமாளிப்பு.

இந்தப் பேய் இஷ்டத்துக்கு ஓட முடியாது. அடித்தவன் எத்தனை பேஸ் முன்னேறுகிறானோ அத்தனைதான் அதுவும் நகரும். இரண்டாம் பேஸில் பேய் நிற்க, அடித்தவன் முதல் பேஸோடு நின்றுவிட்டால் பேய் மூன்றாவதுக்குத்தான் போகும், ரன் கிடையாது. பேயை அவுட் ஆக்கலாமா என்பதில்தான் சண்டை வரும். எல்லா மைதானத்துக்கும் பொதுவான விதி இல்லை.

டிவியில் வருவது வேறு. 2020 கொரோனா சீசனில் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டித்தொடரான மேஜர் லீக் கொண்டுவந்த ஏற்பாடு அது, 2023இல் நிரந்தரமானது. ஒன்பது இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிவு வராவிட்டால், பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணியும் இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்திக்கொண்டே அடிக்கத் தொடங்கும். பொதுவாக, முதலில் அடிக்க வேண்டியவருக்கு வரிசையில் முந்தைய வீரர்தான் அங்கே நிற்பார். லீக் வைத்த பெயர் ‘ஆட்டோமேட்டிக் ரன்னர்’. அடிக்காமலே பேஸில் முளைத்துவிடுவதால் ரசிகர்கள் ‘கோஸ்ட்’ ஆக்கிவிட்டார்கள். அவர் எடுக்கும் ரன் அணிக்குச் சேரும். பந்து வீசும் பிட்சர் விட்டுக்கொடுத்த ரன் சராசரியில் ஏறாது. ஆட்டம் முடிவில்லாமல் இழுக்கக் கூடாது என்பதே நோக்கம். 1920இல் புரூக்ளினும் பாஸ்டனும் 26 இன்னிங்ஸ் ஆடியும் 1–1 சமனில்தான் முடிந்தது! சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் இந்த விதி கிடையாது.

கிரிக்கெட்டின் பை-ரன்னரோடு இதைக் குழப்ப வேண்டாம். அவர் காயம்பட்டவருக்காக நிஜமாகவே ஓடுபவர்.

பேரனோடு நீங்களும் ஆடப்போனால், பேய்க்கு அவுட் உண்டா என்று முதல் பந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.