வயிற்றில் இருந்து தொடங்குங்கள்: கண்ணிவெடி தாங்கும் வாகன மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

பிளாஸ்ரிக் மாதிரிகள் கட்டுவோர் வன்னியில் அதிகம் இல்லை. இருக்கும் சிலரும் ஒருவரை ஒருவர் அறியாமல், பசை மணக்கும் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். கண்ணிவெடி தாங்கும் இராணுவ வாகனங்களின் 1/35 மாதிரிகள் (உண்மை அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) பற்றிக் கேள்வி அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்றதால் ஊர் மட்டும் இருக்கிறது.

விசுவமடு, மாணவர்: அண்ணா, முதன்முதலாக ஒரு மாதிரிப் பெட்டி வாங்கப்போகிறேன். எந்த வாகனம் நல்லது?

தம்பி, நேர்த்தகடுகள் அதிகம் உள்ள ஒன்றை எடுங்கள். அமெரிக்கப் படையின் மக்ஸ்புரோ வாகனம் பொருத்தமானது. கினெற்றிக், புரொங்கோ ஆகிய இரு நிறுவனங்களும் அதை 1/35 இல் வெளியிட்டிருக்கின்றன. பெட்டி போன்ற உடல், பெரிய கதவுகள், கண்ணுக்குத் தெரியும் சில்லுகள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உண்மையான மக்ஸ்புரோவின் கவச அறை பெரும்பாலும் ஆணி போட்டு முடுக்கிய தகடுகளால் ஆனது. ஆகவே ஆணித் தலைகள்தான் அதன் முகம். அரத்தாளை எடுத்து மகிழ்ச்சியாகத் தேய்த்தால் அவை எல்லாம் போய்விடும். ஆணி இருக்கும் இடத்தில் பிளேட் நுனியால் மட்டும் சுரண்டுங்கள்.

மெங் நிறுவனத்தின் ஆறு சில்லுக் கூகர் அழகானது. ஆனால் பாகங்கள் மிக அதிகம். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி, ஆசிரியை: இந்த வாகனங்கள் எல்லாம் ஏன் இவ்வளவு உயரமாக, அவலட்சணமாக இருக்கின்றன?

ரீச்சர், இந்தக் கேள்வியைக் கேட்காமல் இவற்றைக் கட்டக்கூடாது என்பது என் கட்சி. சாதாரண லொறியை வடிவமைப்பவர் சுமையில் இருந்து தொடங்குகிறார். இவற்றை வடிவமைத்தவர்கள் வயிற்றில் இருந்து தொடங்கினார்கள்.

வாகனத்துக்கு எதிரான கண்ணிவெடியில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை வெடிமருந்து இருக்கும். வெடிக்கும்போது சூடான வாயுவும் மண்ணும் சேர்ந்து மேல்நோக்கி எழுகின்றன. அடித்தளம் தட்டையாக இருந்தால் அந்த அடி முழுவதையும் அது நேராக வாங்குகிறது. ஆங்கில எழுத்து வி போலச் சரிந்திருந்தால், அடியின் பெரும்பங்கு இரு பக்கமும் திரும்பிப் போகிறது. தூரம் கூடக்கூட அமுக்கம் மிக வேகமாகக் குறைவதால், வயிற்றைத் தரையில் இருந்து உயர்த்துகிறார்கள். உயரம் அதனால் வந்தது. சில்லும் அச்சும் வயிற்றுக்கு வெளியே இருக்கின்றன. வெடிப்பில் அவை பிய்ந்து போகலாம், போகட்டும். உள்ளே இருப்பவர் இருக்கை வாருடன் உயிரோடு இருந்தால் போதும் என்பதே கணக்கு.

இந்த அறிவு அமெரிக்காவில் பிறந்தது அல்ல. 1970களில் ரொடீசியாவிலும் தென்னாபிரிக்கப் படை நின்ற நமீபியாவிலும் மண் வீதிகளில் வெடித்த கண்ணிவெடிகளில் இருந்து பிறந்தது. ஈராக்கில் ஹம்வீ என்ற தட்டை வயிற்றுப் படை வாகனங்களில் படையினரை இழந்த பிறகு, 2007 இல்தான் அமெரிக்கா இவ்வகை வாகனங்களை ஆயிரக்கணக்கில் அவசரமாக வாங்கத் தொடங்கியது. பிறகு ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைகளில் உயரமே பகையாயிற்று, வாகனங்கள் புரண்டன. அதனால் 2009 இல் ஒஷ்கொஷ் நிறுவனத்தின் எம்-ஏரிவி வந்தது. அது சிறியது. ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும். றை ஃபீல்ட் நிறுவனத்தின் எம்-ஏரிவியைக் கட்டுபவர்கள் இதைப் பயன்படுத்தலாம்: ஒரு சில்லைக் கல்லின் மேல் ஏற்றி வைத்தால் அந்தச் சில்லைத் தாங்கும் கைகள் மட்டும் உயர வேண்டும். மக்ஸ்புரோவின் முதல் வகைகளில் அப்படிச் செய்ய முடியாது, அங்கே முழு அச்சும் சேர்ந்து சரியும்.

மாதிரியில் எதைக் கவனிப்பது? இரு சரிவுத் தகடுகளும் சேரும் கூர்விளிம்பைத்தான். பசை போடாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். இடைவெளி இருந்தால் நிரப்பித் தேயுங்கள். பிறகு, பாகங்கள் தொங்கும் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடரில் இளக்கி நூலாக இழுத்து, விளிம்பில் ஒட்டி, மெல்லிய பசையால் ஈரமாக்கிப் பிளேட்டின் முதுகால் சிறுசிறு கீறலாக அழுத்துங்கள். உண்மையான தகடுகளை இணைக்கும் வெல்டிங் தழும்பு அப்படியே வந்துவிடும். யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். வாகனத்தைத் தெரிந்தவர் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்.

முள்ளியவளை: எங்கள் வீதிகளில் ஓடிய பவள் இராணுவ வாகனத்தைக் கட்ட ஆசை. முடியுமா? அதன் ரயருக்குள் தண்ணீர் இருந்தது என்று சொல்கிறார்கள், உண்மையா?

உண்மை. வயலில் உழவு இயந்திரத்தின் பின்சில்லுக்குத் தண்ணீர் ஏற்றுவது பாரத்துக்காக. பவளில் அது வெடிப்பின் சக்தியை வாங்குவதற்காக. படையினர் இருக்கும் பெட்டியின் அடிச்சரிவுக்குள்ளும் டீசல் தாங்கியும் குடிநீர்த் தாங்கியும் இருந்தன. அந்தப் பாரமும் காப்பின் பகுதிதான்.

பவள் 1978 அளவில் தென்னாபிரிக்காவில் மேர்சிடிஸ் யூனிமொக் லொறியின் அடிச்சட்டத்தில் உருவானது. 1980களில் இலங்கை இராணுவம் வாங்கியது. பிறகு இங்கேயே யூனிகோன், யூனிபவள் என்ற வகைகளும் செய்யப்பட்டன. இணையத்தில் பவள் என்று கிடைக்கும் படங்களில் பாதி இவற்றின் படங்கள். எதைக் கட்டுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த ஒன்றின் படங்களை மட்டும் மேசையில் வையுங்கள்.

தென்னாபிரிக்க மூல வடிவம் என்றால் சில அடையாளங்கள்: முன்பக்கம் இடப்புறம் ஓட்டுநரின் தனிக்கூடு, வலப்புறம் இயந்திரம், பின்னால் மேற்புறம் திறந்த பெட்டி. பெட்டியில் பத்துப் பேர் முதுகோடு முதுகு வைத்து வெளியே பார்த்தபடி இருப்பார்கள். பக்கத் தகடுகள் கீழே விழுந்து திறக்கும். திறந்த பெட்டி என்பதால் இருக்கையும் வாரும் முழுவதும் தெரியும், அங்கே சோம்பல்பட முடியாது. வாருக்கு, வர்ணம் பூசும்போது மறைக்க ஒட்டும் நாடாவை (மாஸ்கிங் ரேப்) மெல்லிய கீற்றாக வெட்டினால் போதும்.

ஐசிஎம் நிறுவனத்தின் 1/35 யூனிமொக் எஸ் 404 பெட்டியை வாங்கி அடிச்சட்டத்தையும் அச்சுகளையும் எடுத்துக்கொள்ளலாம். பவளுக்குரியது யூனிமொக் 416, ஆனால் இரண்டும் நெருங்கிய உறவு. மேல் உடலைப் பிளாஸ்ரிக் தாளில் நீங்களே வெட்ட வேண்டும். முதலில் தடித்த கடதாசி மட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். சரிவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திய பின்னரே பிளாஸ்ரிக்கில் கத்தி வையுங்கள்.

ஒட்டுசுட்டான்: வளவு மண்ணையே புழுதியாகப் பூசலாமா?

பூசலாம், இரண்டு நிபந்தனைகளுடன். முதலாவது, அளவு. 1/35 இல் ஒரு மில்லிமீற்றர் மணல் என்பது மூன்றரைச் சென்ரிமீற்றர் கல். அரிதட்டில் அரித்த மண் போதாது. அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டுங்கள், கீழே விழும் தூள்தான் உங்களுக்கு உரியது. அதற்கு முன் சட்டியில் நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். வறுக்காத மண்ணில் இருக்கும் பூஞ்சணம் மாரியில் மாதிரியின் மேல் பூக்கும்.

இரண்டாவது, நிறம். நம்முடைய செம்மண் பவளுக்கு அழகாகப் பொருந்தும். கந்தகாரில் ஓடிய எம்-ஏரிவிக்குப் பூசினால் பொய். அங்கே புழுதி வெளிறிய சாம்பல் கலந்த மஞ்சள். கடற்கரை மணலையும் அடுப்புச் சாம்பலையும் சேர்த்து அரைத்தால் கிட்ட வரலாம். எங்கே பூசுவது என்பதும் முக்கியம். சில்லு எறியும் புழுதி சரிவுத் தகட்டின் கீழ்ப்பாதியிலும் அச்சின் பின்புறத்திலும் தடித்துப் படியும், கூரையில் மெல்லியதாக. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மாங்குளம்: தூரிகையில் வர்ணம் காய்ந்து கட்டியாகிறது. சோளகக் காலத்தில் வேலையே செய்ய முடிவதில்லை.

பகலில் செய்யாதீர்கள். அதிகாலையிலோ இரவு எட்டு மணிக்குப் பிறகோ செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அக்ரிலிக் வர்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேருங்கள். மாரியில் சிக்கல் எதிர்த்திசையில் வரும்: மினுக்கமற்ற பூச்சு வெள்ளையாகப் பனிக்கும், சுப்பர் குளூ கண்ணாடியைப் புகை படியச் செய்யும். மழை நாளில் இறுதிப் பூச்சு வேண்டாம்.

வவுனியா: கனடாவில் இருந்து வரும் மாமாவிடம் வர்ணமும் பசையும் சேர்த்துக் கேட்கலாமா?

பெட்டியை மட்டும் கேளுங்கள். தெளிப்புத் தகரமும் எளிதில் தீப்பற்றும் பசையும் வர்ணமும் விமானப் பயணப்பொதியில் கொண்டுவரக்கூடாதவை. விமான நிலையத்தில் மாமாவுக்குத்தான் வெட்கம். வர்ணத்தைக் கொழும்பில் வாங்குங்கள். கராஜில் கிடைக்கும் தின்னரையும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் பிளாஸ்ரிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும்.

பளை, கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ள ஒரு சகோதரி: பஃபலோ வாகனத்தின் நீண்ட கை நாங்கள் செய்யும் வேலையைத்தான் செய்கிறதா?

இல்லை, தங்கச்சி. நீங்கள் முழந்தாளிட்டு ஒவ்வோர் அங்குலமாகத் தேடுகிறீர்கள். உங்களுடைய வேலை முடிந்த இடத்தில் பிள்ளைகள் ஓடலாம். பஃபலோவின் வேலை வேறு. வீதியோரத்தில் சந்தேகமான குவியலை உள்ளே இருந்தபடியே சுமார் 9 மீற்றர் நீளக் கையால் கிளறிப் பார்த்து, பின்னால் வரும் படை வாகனங்களுக்கு வழி விடுவது. வீதியை விட்டு அது இறங்குவதும் குறைவு. வயல் முழுவதையும் துப்புரவாக்க அது பிறக்கவில்லை.

மாதிரியில் அந்தக் கை முழுவதும் நீட்டினால் 26 சென்ரிமீற்றர் அளவில் வரும். புரொங்கோவின் பஃபலோ கட்டுபவர்கள் அதை நீட்டி வைக்க விரும்பினால், மூட்டுகளுக்குள் மெல்லிய பித்தளைக் கம்பி செருகுங்கள். இல்லாவிட்டால் வெப்பத்தில் தொய்ந்துவிடும்.

புதுக்குடியிருப்பு: காட்சிப் பலகைக்கு வைக்கக் காணியில் கிடந்த துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். பொருத்தமாக இருக்குமா?

எடுத்து வைத்திருப்பதைத் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், இன்றே பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இலங்கை 2017 டிசம்பரில், ஆட்களுக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது என்பதற்காக மண்ணுக்குள் இருப்பவை தாமாகப் போய்விடவில்லை. துருவுக்கு நான் வழி சொல்கிறேன்: குளிர்பானத் தகரத்தை வெட்டி, பழுப்பு வர்ணம் பூசி, மஞ்சள் தூளும் செங்கல் தூளும் கலந்து தட்டுங்கள். அதில் எவருக்கும் கால் போகாது.

தர்மபுரம், ஒரு தாய்: மகன் இவற்றைக் கட்டுகிறான். நாங்கள் பட்டதற்குப் பிறகு இந்த வீட்டில் இது வேண்டுமா?

அம்மா, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. சரிந்த வயிறு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே காப்பு. அதே வீதியில் சைக்கிளில் போனவருக்கு எந்தத் தகடும் இருக்கவில்லை. மாதிரி கட்டும் என்னைப் போன்றவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் மகனிடம் ஏன் இதைத் தெரிவுசெய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு ஆர்வம் துவக்கில் இல்லை, வெடித்தும் உடையாத தகட்டில்தான் இருக்கிறது. அது பொறியியல் ஆர்வம், கெடுக்க வேண்டாம். கூடத்தில் வைப்பது வேறு விடயம். வருகிறவர்களில் யாருக்கு எது நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. அவனுடைய அலுமாரிக்குள் இருக்கட்டும். ஐ.நா. பணிகளில் வெள்ளை பூசி ஓடிய கஸ்பிர் வாகனத்தையும் அவனுக்குக் காட்டுங்கள். அதே தென்னாபிரிக்கப் பரம்பரைதான், கண்ணிவெடி அகற்றும் வேலையிலும் ஓடியது.

நெடுங்கேணி: கண்ணாடிகள் ஏன் பச்சையாக இருக்கின்றன?

பல அடுக்குத் தடித்த கண்ணாடி என்பதால். தெளிந்த பச்சை வர்ணத்தில் ஒரு துளியை நிறமற்ற மினுக்கத்தில் கரைத்து உட்பக்கம் பூசுங்கள். விளிம்பில் சற்றுக் கூடுதலாக. போத்தல் பச்சை வந்துவிட்டால் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள்.

மன்னார்: சில மாதிரிகளின் முன்னால் தடியில் ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது விளக்கா?

விளக்கு அல்ல, ஏமாற்று. ஈராக்கில் வாகனத்தின் சூட்டை உணர்ந்து வெடிக்கும் பொறிகளை வீதியோரம் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் சூடாகும் ஒரு கருவி இருக்கிறது. பொறி அதை இயந்திரமென்று எண்ணி, வாகனம் வந்து சேருமுன் வெடித்துவிடும். ரைனோ என்று அதை அழைத்தார்கள். தடியைக் கீழே இறக்கிவைத்தால் வாகனம் சுற்றுக்காவலில் இருக்கிறது, மேலே மடித்துவைத்தால் முகாமுக்குள் நிற்கிறது. உங்கள் காட்சி எது என்று முடிவெடுத்த பிறகு பசை போடுங்கள்.