ஸ்டியரிங்கை ஒடிச்சாதான் ஹாரன் அடிக்குது!

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பெரியப்பா வச்சிருந்த 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் காரு இப்ப எங்கிட்ட இருக்கு, அஞ்சு வருஷமா கொட்டாயில நின்னுட்டு இப்பதான் ஓடுது. நேரா போறப்ப ஹாரனை அமுத்துனா சத்தமே இல்ல, இடது பக்கம் ஒடிச்சா அடிக்குது, சில நேரம் டிக்குனு ஒரு சத்தம் மட்டும். எலக்ட்ரீசியன் ஹாரன் போச்சு, புதுசு மாட்டி டேஷ்போர்டுல ஓட்டை போட்டு தனி சுவிட்ச் வச்சிரலாம்ங்கறாரு. செய்யலாமா? - வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, டேஷ்போர்டுல மட்டும் ஓட்டை போட விட்றாதீங்க. அந்த மரப்பலகை போச்சுன்னா போனதுதான். ஒடிச்சா அடிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப ஹாரன் உயிரோடதான் இருக்கு, அதுக்கு எர்த் ஒழுங்கா கிடைக்கலைன்னுதான் எனக்குப் படுது.

இந்த வண்டியில ஹாரனுக்கு கரண்ட் எப்பவும் போயிட்டே இருக்கும், நடு பட்டன் செய்யறது எர்த் குடுக்கற வேலை மட்டும்தான். அந்த எர்த் பட்டன்ல இருந்து ஸ்டியரிங் ராடு வழியா கீழ இறங்கி, ரேக்குக்கு (முன் சக்கரத்தை திருப்பற பல் வச்ச தண்டு) போய், அங்கருந்து சேஸிஸுக்குப் போகணும். நடுவுல ராடு ரேக்கோட சேர்ற இடத்துல ரப்பர் கப்ளிங் ஒண்ணு இருக்கு, ரேக்கையும் ரப்பர் வச்சுதான் பிடிச்சிருப்பாங்க, ரப்பர் கரண்டை விடாதுல்ல, அதனாலதான் கம்பெனியிலயே கப்ளிங்கை தாண்டி ஒரு சின்ன எர்த் வயர் போட்டு அனுப்புனாங்க. பெரும்பாலும் அந்த வயர் அறுந்திருக்கும், இல்லைன்னா கப்ளிங் மாத்தறப்ப யாரோ திரும்ப மாட்டாம விட்டிருப்பாங்க. ஒரு இழை மட்டும் தொங்கிட்டு இருந்தா ஒடிக்கறப்ப தொட்டு அடிக்கும், நேரா வந்தா விட்டுரும். உங்க வண்டியோட கதை அப்படியே இதுதான்.

முதல்ல ஹாரனை சோதிச்சிருங்க. பேட்டரியில இருந்து ரெண்டு வயர் இழுத்து நேரா குடுங்க, கத்துச்சுன்னா அதை விட்டுருங்க. அப்புறம் ஹாரன்கிட்ட வர்ற வயரை பாருங்க, லூகாஸ் (அந்தக் கால இங்கிலீஷ் கார்களுக்கு எலக்ட்ரிக் சாமான் செஞ்ச கம்பெனி) வயரிங்ல வழக்கமா முழு ஊதா நிறம்னா ஃப்யூஸ் வழியா எப்பவும் கரண்ட் இருக்கற லைன், ஊதாவுல கறுப்பு கோடு போட்டது பட்டனுக்குப் போறது. அந்த கோடு போட்ட வயரை ஒரு துண்டு வயரால பாடியில தொடுங்க. ஹாரன் நல்லா அடிச்சா கோளாறு ஸ்டியரிங் பக்கம்தான்னு உறுதி.

இங்க ஒரு விஷயம் கவனிங்க, மல்டிமீட்டர் பீப் அடிக்குதேன்னு எர்த்தை நம்பிராதீங்க. ரெண்டு ஹாரனும் சேர்ந்தா சுமார் 8 ஆம்பியர் இழுக்கும், ஒத்தை இழை வயர் மீட்டர்ல நல்லா காட்டும் ஆனா அவ்வளவு கரண்டை தாங்காது, உங்களுக்கு டிக்குனு மட்டும் கேக்கறதும் அதனாலதான் இருக்கும். பழைய 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ஒண்ணு எடுத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்லயும் இன்னொரு முனையை ஸ்டியரிங் ராடுலயும் வைங்க. பளிச்சுனு எரியணும், மங்குனா எர்த் போதாது. (இதே வண்டியில 1967க்கு முன்னாடி வந்த மார்க் 1, மார்க் 2 வச்சிருக்கறவங்க கவனம், அதுல பாசிட்டிவ்தான் எர்த்.)

சரி பண்றது சுலபம். நல்ல கனமான பல இழை வயர்ல ரெண்டு முனையிலயும் லக் (போல்ட்ல மாட்டற வளையம்) வச்சு, கப்ளிங்கோட மேல் போல்ட்ல இருந்து கீழ் போல்ட்டுக்கு ஒண்ணு, ரேக்ல இருந்து சேஸிஸுக்கு ஒண்ணு போடுங்க. ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் முழுசா திரும்பற அளவுக்கு தொய்வு விடணும். மாட்டற இடத்துல பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு, முறுக்குன பிறகு மேல வாசலின் தடவுங்க, உங்க ஊர் கடல் காத்துக்கு இது ரொம்ப முக்கியம். அப்படியும் சில இடத்துல மட்டும் விட்டு விட்டு அடிச்சா, ஸ்டியரிங் வீலுக்குள்ள ஸ்ப்ரிங் வச்ச பென்சில் மாதிரி ஒரு பிரஷ் இருக்கும், அது தேயற பித்தளை வளையத்துல பச்சை களிம்பு பிடிச்சிருக்கும், துடைச்சு விடுங்க. பேட்டரியை கழட்டிட்டு கைவைங்க.

இதுக்கப்புறமும் ஹாரன் மூக்கடைச்ச மாதிரி இருந்தாதான் பின்னாடி இருக்கற திருகை தொடணும். ஒவ்வொரு ஹாரனா, மத்ததோட வயரை கழட்டிட்டு, கால் சுத்துக்கு மேல திருப்பாம, பட்டனை அமுக்கிப் பிடிக்காம பண்ணுங்க. ஃப்யூஸ் போச்சுன்னா 35ன்னு போட்டிருக்கேன்னு இப்ப கிடைக்கற 35 ஆம்பியர் ஃப்யூஸை மாட்டாதீங்க. பழைய லூகாஸ்ல 35ங்கறது உருகற அளவு, தொடர்ந்து தாங்கறது 17தான். 17 தாங்கி 35ல உருகற அந்த பழைய அளவுதான் வேணும்னு கேட்டு வாங்குங்க.

உதிரி பாகம் பத்தியும் கவலைப்படாதீங்க. ஸ்பிட்ஃபயரோட சேஸிஸ் ட்ரையம்ஃப் ஹெரால்டுங்கற காருல இருந்து வந்தது, அந்த ஹெரால்டு மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்டு கம்பெனியில தயாரானது, தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் பழைய மெக்கானிக் யார்கிட்டயாவது ஹெரால்டு கப்ளிங்னு சொல்லிப் பாருங்க, கையாலயே காட்டுவாரு.

சரியாகற வரைக்கும் ஆத்தங்கரை ரோட்டுல வண்டியை எடுக்காதீங்க தம்பி. ஸ்பிட்ஃபயர் தரையோட தரையா இருக்கும், வைக்கோல் ஏத்திட்டு வர்ற டிராக்டர்காரருக்கு உங்க வண்டி தெரியவே தெரியாது. வயர் போட்டதும் அடிக்குதா இல்லையான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.